முடிஞ்சிட்டு

முடிஞ்சிட்டாம் என்றுதான் உம்மா சொன்னார், அதில் சந்தேகமில்லை, குசினி வாசலிலிருந்து மாவுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, மற்றக் கையில் போனோடு, கேற் வரைக்கும் ஓடிவந்து, "நப்லா, முடிஞ்சிட்டாம் புள்ள, வாப்பா சொல்றார்" என்றார், எது முடிந்தது என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஓர் ஆட்டோ கோர்ன் அடித்தது, அந்த ஒழுங்கையில் ஒரு வாகனம் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான், நப்லாவும் எல்லாம் விளங்கியவள் போலத் தலையை ஆட்டிவிட்டுக் கிளச்சிலிருந்து காலை எடுத்தாள்... ஏன் தலையை ஆட்டினாள்? விளங்காத எதற்கும் தலையாட்டுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது? இப்போது கிண்ணியாப் பாலத்தில் ஏறுகிறபோது அந்தச் சொல்லும் காருக்குள் ஏறிக்கொண்டு வருகிறது, முடிஞ்சிட்டு, வாப்பா கந்தளாயில் நெல் எடுக்கப் போய் நிற்கிறார், பெண் பார்த்துவிட்டுப் போன மூதூர் ஆட்கள் மறுமொழியை அவருக்குத்தான் சொல்வதாக இருந்தது, அவர் காலையிலேயே போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார் என்றால் வேறென்னவாக இருக்கும், கலியாணக் கதை சரிவந்திருக்க வேண்டும், றிப்திக்கும் அவளுக்கும் முடிவாகியிருக்க வேண்டும், அல்லது சரிவராமலே முடிந்திருக்க வேண்டும், ஒரே சொல்தானே இரண்டுக்கும்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை செய்கிற ஜெசிகா இந்தச் சொல்லுக்கு எத்தனை தடவை சிரித்திருக்கிறாள், உங்கட ராத்தா எங்க முடிச்சிருக்கிறா என்று கடைக்கு வந்த ஒரு கிண்ணியாப் பெண் அக்காவைப் பற்றி நப்லாவிடம் கேட்டபோது, "என்னத்தை முடிச்சது, சோத்தையா?" என்று நப்லாவின் காதுக்குள் கேட்டாள், எங்கள் பக்கத்தில் கலியாணம் செய்வதைத்தான் முடிக்கிறது என்று சொல்வோம் என்று அவளுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது, "அப்ப கலியாணத்தோட எல்லாம் முடிஞ்சுதோ" என்றாள் ஜெசிகா, அன்றைக்கு நப்லாவும் சேர்ந்துதான் சிரித்தாள். இன்றைக்குப் பாலத்தின் வலப்பக்கம் தண்ணீர் தகடு போல மினுங்குகிறது, குடாவுக்கு அப்பால் மங்கலாக ஒரு கோடு, அதுதான் மூதூராக இருக்க வேண்டும், அங்கே நீர்வழங்கல் அலுவலகத்தில் ஒருவர் இந்நேரம் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார், அவருக்கும் யாராவது முடிஞ்சிட்டு என்று சொல்லியிருப்பார்களா, சொன்னால் அவர் எப்படித் தலையை ஆட்டியிருப்பார்?

ஒரே ஒரு தடவைதான் பார்த்தது. தாயோடும் மச்சி முறையான பெண்ணொருவரோடும் வந்திருந்தார், வட்டிலப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டார், போகிறபோது முற்றத்தில் நின்ற காரைப் பார்த்து, "இத நீங்களா ஓட்டுற?" என்று கேட்டார், அவள் ஓம் என்றாள், அவர் குந்தியிருந்து முன் சில்லைப் பார்த்துவிட்டு, "டயர் ஒரு பக்கமாத் தேயிது" என்றார், அவ்வளவுதான், அந்த இரண்டு வசனங்களையும் கிழமைக் கணக்காகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களா என்றதில் அழுத்தம் எங்கே விழுந்தது? பெண்ணாகிய நீங்களா என்றா, அடடே நீங்களா என்றா? டயர் தேய்கிறது என்றால் உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று அர்த்தமா, கவனம் என்று அர்த்தமா? கடையில் கண் பார்க்க வருகிறவர்களுக்கு வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு இது தெளிவா, இது தெளிவா என்று அவள் கேட்பாள், சிலர் இரண்டும் ஒன்றுதான் மிஸ் என்பார்கள், அவளுக்கும் இந்த விஷயத்தில் அப்படித்தான், இரண்டு வில்லையிலும் ஒரே மங்கல்.

முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார், அதுதானே இங்கத்தைய வழக்கம், பெண் எங்கும் போகத் தேவையில்லை, அவளுடைய அறை, அவளுடைய அலுமாரி, எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் குசினிச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது, அதில் காரின் சாவி தொங்குகிறது, காலையில் அந்தச் சாவியை யார் எடுப்பது? அவளுடைய கடை இருக்கிற ஓர்ஸ் ஹில்லுக்கு இந்தப் பக்கம், அவருடைய மூதூருக்கு அந்தப் பக்கம், ஒரு காரால் இரண்டு பக்கமும் போக ஏலாது. பஸ்ஸில் போகலாம்தான், முன்பு போனவள்தானே, ஆனால் பஸ்ஸில் போன நாட்களில் இந்தப் பாலத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை, யாருடையாவது முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். வாப்பா சாவியைத் தந்த அன்றைக்குக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னவை இரண்டு, "ஓட்டக்குள்ள போன்ல கை போகப்படாது, பொலிஸ்ல ஒருக்கா அம்பிட்டாலும் சாவி என்ட கைக்கு வந்திரும்", அதனால்தான் இப்போது கைப்பைக்குள் போன் இருந்தும் உம்மாவுக்கு எடுத்துக் கேட்க முடியவில்லை... அல்லது கேட்க அவளுக்கு அவசரமில்லையா? தெரியாமல் இருப்பதில் ஒரு ருசி இருக்கிறதா? பாலம் இறங்கியதிலிருந்து இடப்பக்க ஆசனத்தில் றிப்தி ஏறி உட்கார்ந்திருக்கிறார், மடியில் கையை வைத்துக்கொண்டு, அவள் அவரோடு சாவியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வருகிறாள், கிழமையில் இந்த நாட்கள் எனக்கு, அந்த நாட்கள் உங்களுக்கு, அவர் டயரை மாற்றிப் போடுவோம் என்கிறார், அது சம்மதமா மறுப்பா, முகத்தைப் பார்க்கலாம் என்றால் வீதியிலிருந்து கண்ணை எடுக்க முடியாது...

சீனன்குடாத் திருப்பத்துக்கு முன்னால் ஒரு கை நீண்டது. பொலிஸ். இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினாள், சாவி, ஆணி, வாப்பா. நெஞ்சில் கனகசுந்தரம் என்று பெயர் குத்தியிருந்த பெரியவர் குனிந்து, "தங்கச்சி, லைசன்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சோதனைப் பேப்பர்" என்றார், அவள் எல்லாம் இருந்த பிளாஸ்டிக் உறையை அப்படியே நீட்டினாள், அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார், தூரப்பார்வைக்கு எடுத்த கண்ணாடி, கிட்டத்துக்கு உதவாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கையிலேயே, "இது எப்ப முடிஞ்சது?" என்று கேட்டார்.

"இன்னும் முடிக்கல்ல சேர்" என்றாள் நப்லா. "கதைதான் நடக்குது. முடிஞ்சிட்டாம் எண்டு இப்பதான் உம்மா சொன்னா, ஆனா எனக்குச் சரியாத் தெரியா."

அவர் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். "என்ன கதை?"

"மூதூர்ப் பக்கம்."

பக்கத்தில் ஓர் ஆட்டோவை மறித்து நின்ற மற்றப் பொலிஸ்காரர் திரும்பிக் கடலைப் பார்த்து இருமினார். "தங்கச்சி," என்றார் கனகசுந்தரம் மெதுவாக, "நான் உங்கட கலியாணத்தைக் கேக்கேல்ல, புகைப் பேப்பரைக் கேட்டனான். இது போன கிழமையே முடிஞ்சு போச்சுது." விரலால் திகதியைத் தொட்டுக் காட்டினார். உண்மைதான். அந்த எண்களைப் பார்த்ததும் குசினி வாசல் முழுவதும் இன்னொரு தடவை அவள் கண்முன் வந்தது, மாவுக் கை, போன், வாப்பா சொல்றார்... வாப்பாவுக்குத்தானே காரின் திகதிகள் எல்லாம் மனப்பாடம், கந்தளாயில் நெல் மூட்டைக்கு மேல் இருந்தாலும் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும், போகாதே என்று சொல்லத்தான் உம்மா ஓடிவந்திருக்கிறார், அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

"எழுதினீங்க எண்டா வாப்பா சாவிய வாங்கிருவார் சேர்."

"வாப்பாவுக்குப் பயம், எங்களுக்குப் பயமில்ல, என்ன" என்றார். பேப்பரை மடித்தார், விரித்தார், மடித்தார். "நேர போனா வலக்கைப் பக்கம் புகை பாக்கிற இடம் இருக்கு. வேலைக்குப் போக முன்னம் அங்க போங்கோ. பின்னேரம் இதால வரேக்க புதுப் பேப்பரை எனக்குக் காட்டோணும், காட்டாட்டி எழுதுவன்." உறையை நீட்டியவர் கையை உடனே எடுக்கவில்லை. "இது முடிஞ்சா திரும்ப எடுக்கலாம். மற்றதை யோசிச்சு முடியுங்கோ."

காரை எடுத்தாள். இப்போது ஆறுதல் வர வேண்டும், சாவி தப்பிவிட்டது, ஆணி தப்பிவிட்டது, எந்தக் கதையும் முடியவில்லை, நேற்று இருந்தது போலவேதான் எல்லாம், வந்தது ஆறுதல், வராமலில்லை, ஆனால் அதற்கு ஒரு கணம் முன்னால், திகதியை அவர் விரல் தொட்ட அந்தக் கணத்தில், வேறொன்று வந்துவிட்டுப் போனதே, அது என்ன? படியொன்று இருக்கும் என்று காலை வைத்து, இல்லாமல் போவது போல. இடப்பக்க ஆசனத்தைப் பார்த்தாள். கைப்பை மட்டும் சாய்ந்து கிடந்தது. போன கிழமையிலிருந்து இந்தக் கார் முடிந்துபோன காராகத்தான் ஓடியிருக்கிறது, அவளுக்கும் தெரியாது, காருக்கும் தெரியாது, அதே சத்தம், அதே இழுவை, தெரிந்த பிறகுதான் எஞ்சினின் ஒவ்வொரு முக்கலும் காதில் விழுகிறது... ஒன்று நமக்குள் எப்போது தொடங்கியது என்பதும் இப்படி யாராவது திகதியைக் காட்டினால்தான் தெரியுமா?

புகை பார்க்கிற இடத்தில் வரிசை இல்லை. நீலச் சட்டைக்காரர் ஒருவர் பின்னால் குழாயைச் செருகிவிட்டு, அவளை ஆசனத்திலேயே இருக்கச் சொல்லி, "மிதிங்க மிஸ், நான் சொல்லுமட்டும் எடுக்காதீங்க" என்றார், மிதித்தாள், கார் மூச்சை இழுத்துப் பிடித்தது, போன் அடித்தது, ஓடாத காரில்தானே என்று எடுத்தாள்.

"பொலிஸ் மறிச்சாங்களா புள்ள?" உம்மாவின் குரல் பதறியிருந்தது. "நாந்தான் சொன்னனே, முடிஞ்சிட்டு எண்டு. நீ தலய ஆட்டிட்டுப் போற."

"மறிச்சாங்க. எழுதல்ல. புகை பாக்கத்தான் வந்திரிக்கன்."

"அல்ஹம்துலில்லாஹ். விளங்காமயா போன?"

"நான் வேற என்னமோண்டு நெனச்சன்."

"வேற என்ன இரிக்கி முடிய?" என்றார் உம்மா.

கேட்டுவிடலாம், மூதூரால் ஏதும் கதை வந்ததா என்று, நாலு சொல்தான், ஆனால் கேட்டால் உம்மா சொல்லைக் கேட்க மாட்டார், குரலைத்தான் கேட்பார், அந்தக் குரலில் என்ன இருக்கும் என்று அவளுக்கே தெரியாது, அதைக் கேட்க அவளுக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது... பின்னால் நீலச் சட்டைக்காரர் கூரையில் தட்டினார், பிறகு சன்னலுக்கு வந்து தட்டினார், "மிஸ், போதும், காலை எடுங்க, முடிஞ்சிட்டு."

"எது?" என்றாள் நப்லா, கால் இன்னும் மிதித்தபடியே இருந்தது.