மேனேஜர் எடுத்துக்கொண்ட பாட்டு

எனக்கென்று ஒரு பாட்டு இருந்தது. அதை இருபத்திரண்டு வருஷமாக இன்னொருவர் பாடிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் உபுகாத்தா. ஜப்பானில் சோஷி துறைமுகத்தில் கானாங்கெளுத்தியை டப்பாவில் அடைத்து விற்கும் கம்பெனியில் எங்கள் பிரிவுக்கு மேனேஜர். நான் அவருக்குக் கீழே. அவர் பிரிவுக்கு நான் வந்த வருஷம், வருஷக் கடைசி விருந்தில் பாடுவதற்காக ஒரு மாதம் அந்தப் பாட்டைப் பழகியிருந்தேன். என்கா என்கிற பழைய பாணிச் சோகப் பாட்டுதான், வழக்கமான சரக்கு. படகுத்துறை, மழை, வராத ஆள், காத்திருக்கிற பெண், நடுவில் கொஞ்சம் சாராயம். ஆனால் இரண்டாம் சரணத்தில் ஓரிடம் உண்டு. குரலை மேலே தூக்கி, அங்கேயே சுழித்து, இதோ உடையப்போகிறது என்று காட்டிவிட்டு உடையாமல் இறக்க வேண்டும். குளியல் தொட்டியில் உட்கார்ந்து, தண்ணீர் ஆறிப்போகும் வரை அந்த ஒரு வரியையே பழகினேன். என் மனைவி தொகியே கதவைத் தட்டி, "உள்ள யாரைக் கொன்னுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

விருந்தில் கரோக்கே மெஷின் இருந்தது, பாட்டின் எண்ணை அமுக்கினால் இசை மட்டும் ஓடும்; மைக் முதலில் மேனேஜரிடம் போனது. அதுதானே முறை. மனுஷன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டோ புரட்டென்று புரட்டிவிட்டு, கடைசியில் என் பாட்டின் எண்ணைச் சொன்னார்.

அதோடு முடிந்தது கதை. மேலே இருப்பவர் ஒரு பாட்டைப் பாடிவிட்டால் அது அவருடையது. அவர் இருக்கும் அறையில் கீழே இருப்பவன் அதைத் தொடக்கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டிவைக்கவில்லை. ஆனால் தொட்டவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

நன்றாகப் பாடித் தொலைத்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். சுருதி ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். இரண்டாம் சரணத்தில் அந்த இடம் வந்ததும், சைக்கிள் பள்ளத்தில் இறங்குவது போலத் தடுக்கென்று இறங்கிவிடுவார். ஆத்திரத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிடும். கை மட்டும் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும். "ஆஹா, சார்! பிரமாதம்!" என்று வாய் கத்தும். வருஷக் கடைசி விருந்து, செர்ரி பூத்ததும் பூப்பார்க்கும் விருந்து, மாற்றலாகிப் போகிறவனுக்கு வழியனுப்பு விருந்து என்று ஒன்று விடாமல் இதே கூத்து. நான் ஏதோ ஒரு குடிகாரப் பாட்டைப் பாடி ஒப்பேற்றினேன்.

ஓய்வு பெற்றதும் ரயிலில் நான்கு ஸ்டேஷன் தள்ளி ஒரு கரோக்கே காபிக்கடையைக் கண்டுபிடித்தேன். எங்கள் ஊர்க் கடை என்றால் பழைய ஆபீஸ்காரர்கள் யாராவது வந்து தொலைப்பார்களே! ஷிகேனோ அக்கா நடத்துகிற கடை. புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு எட்டுப் பேர் கூடுவோம். ஆளுக்கு ஒரு காபி, சின்னத் தட்டில் வேகவைத்த முள்ளங்கி, வரிசைப்படி ஒவ்வொரு பாட்டு. பதினொரு மாதத்தில், என் பாட்டின் முன்னிசை வந்தாலே அக்கா கேட்காமல் மைக்கை என்னிடம் நீட்டுகிற அளவுக்கு ஆகிவிட்டது. அந்தக் கடையில் அது குராமோச்சியின், அதாவது என், பாட்டு. அறுபத்தாறு வயதில் அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கடைக்கு இருபதாம் ஆண்டு விழா வந்தது. பொது மண்டபத்தில் மேடை. ஆளுக்கு ஒரு பாட்டு, ஒரு பாட்டுக்கு ஒரே ஆள். பெயரையும் பாட்டையும் தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். தொகியே வருவதாகச் சொல்லியிருந்தாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டதைத் தவிர, அந்தப் பாட்டை அவள் முழுசாகக் கேட்டதே இல்லை.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கடைக் கதவு திறந்தது.

"அட, குராமோச்சி! நீயா? இங்கதான் இருக்கியா!"

உபுகாத்தா. மனைவி இறந்துபோய், மகள் வீட்டோடு வந்துவிட்டாராம். மகள் வீடு அடுத்த தெருவாம். ஜப்பானில் இத்தனை தெரு இருக்கிறது!

அவர் முறை வந்தது. தயங்கக்கூட இல்லை. "இந்தா, குராமோச்சி, கேளு!" என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் பாட்டைப் போட்டார். என் கையோ, வெட்கம் கெட்ட கை, தாளம் தப்பாமல் தட்டியது. பழைய டாக்ஸி டிரைவர் நெகோரோ என் பக்கம் சாய்ந்தார்.

"என்னங்க, வீட்டை வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

அன்றைக்கும் அடுத்த புதன்கிழமையும் வேறு ஏதோ பாடிவிட்டு எழுந்து போனேன். மூன்றாவது புதன்கிழமை ஷிகேனோ அக்கா விழாத் தாளோடு வந்து என் முன்னால் நின்றார்.

"சாயங்காலம் இதை அச்சுக்குக் குடுக்கணும். உங்க பேருக்கு நேரா என்ன போடட்டும்?"

"அவர் என் மேனேஜர்க்கா," என்றேன் மெதுவாக.

"எப்போ?"

"அப்போ."

"இப்போ?"

"இப்பவும்தான்."

"ஏன், கம்பெனி இன்னும் சம்பளம் குடுக்குதா?" அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "இங்க பாருங்க, நான் யார் பக்கமும் பேச மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் அந்த இடம் காலியா இருக்கும். அப்புறம் யார் கேட்டாலும் அவங்க பேருக்கு அந்தப் பாட்டைப் போட்டுருவேன்."

மேனேஜர் அடுத்த மேசையில் எல்லோருக்கும் ஆரஞ்சு கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் வீட்டு மரத்தில் காய்த்ததாம். நல்ல மனுஷராக வேறு இருந்து தொலைத்தார். கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ என் வேலை சுலபமாகியிருக்கும்.

என் முறை வந்தது. பாட்டுத் தேடும் டேப்லெட்டை எடுத்தேன். இரண்டு தடவை தப்பான எண்ணை அமுக்கி அழித்தேன். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. முன்னிசை கிளம்பியது. திரையில் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பெண் குடை பிடித்துக் கோயில் படி ஏறினாள்.

மேனேஜர் பாதி எழுந்து மைக்குக்குக் கை நீட்டினார். "அட, எனக்காகப் போட்டியா?"

"இல்ல சார். உக்காருங்க."

கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவரை உட்காரச் சொன்னது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பாடினேன். இரண்டாம் சரணத்தில் அந்த இடம் வந்தது. குரல் ஏறியது, சுழித்தது, உடையாமல் இறங்கியது. நெகோரோ முள்ளங்கியைப் பாதியில் கீழே வைத்துவிட்டார்.

எல்லோரையும் விடப் பலமாகக் கை தட்டியவர் மேனேஜர்தான்.

"இவ்ளோ நல்லா பாடுவியா நீ! ஏன்யா இத்தனை வருஷமா பாடல?"

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "எப்படி சார் பாடறது? நீங்க எங்க பாட விட்டீங்க? அது நான் ஒரு மாசம் உசுரைக் குடுத்துப் பழகின பாட்டு. முதல் விருந்துலயே எடுத்துக்கிட்டீங்க. அப்புறம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வேற பாட்டுப் போட்டீங்களா?"

அவர் உரித்த ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நான் எடுத்துக்கிட்டேனா? அந்தப் புஸ்தகத்துல எனக்குப் பாதியாவது தெரிஞ்சது அது ஒண்ணுதாம்பா. பாடி முடிச்சிட்டுப் பாத்தா, நீ கண்ணுல தண்ணி நிக்க கை தட்டிக்கிட்டு இருந்த. நம்ம பாட்டுக்கும் ஒருத்தன் அழறானேன்னு எனக்கு ஒரே ஆச்சரியம். சரி, இந்தப் பையனுக்கு இந்தப் பாட்டு அவ்ளோ பிடிச்சிருக்குன்னு, அடுத்த தடவையும் அதையே பாடினேன். அப்படியே போயிடுச்சு."

"அப்போ உங்களுக்கு?"

"எனக்கு அது பிடிக்கவே பிடிக்காதுப்பா. அந்த ரெண்டாம் சரணம் என் உயிரை வாங்குது."

நெகோரோவுக்குச் சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இருபத்திரண்டு வருஷக் கோபத்தை இந்த ஆள் ஒரே நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டாரே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம்.

அக்கா என் பெயருக்கு நேரே பாட்டை எழுதிவிட்டு மேனேஜரிடம் திரும்பினார். "சார், உங்களுக்கு என்ன போடட்டும்?"

அவர் டேப்லெட்டை மடியில் வைத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கு என்ன பிடிக்கும்னே தெரியலம்மா," என்றார். அப்புறம் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "என் சம்சாரம் இருந்த வரைக்கும் வீட்ல கேட்டுக்கிட்டே இருப்பா. ஆபீஸ்ல மட்டும் பாடறீங்களாமே, எனக்கு ஒரு பாட்டுப் பாடுங்களேன்னு. தெரிஞ்சது ஒண்ணு, அதுவும் பிடிக்காத பாட்டு. அதை எதுக்கு வீட்ல வேற பாடணும்னு பாடாமயே விட்டுட்டேன்."

அவர் கொடுத்த ஆரஞ்சை வாங்கிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும், காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கூப்பிட்டேன்.

"தொகியே! அடுப்பை அணைச்சிட்டு இங்க வா."

"என்னாச்சு? ரயில்ல யாரோடயாவது சண்டையா?"

"பாட்டு. இப்போ கேளு."

"விழாவுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கே. அங்க வந்து கேட்டுக்கறேன்."

"வான்னா வா!" என்று கத்தினேன். இரண்டு வாரம் காத்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து படியில் உட்கார்ந்தாள்.