தறிகள் நின்ற நேரம்

பொன்னாத்தாளுக்கு விவரம் தெரிந்தபோது அவர்கள் ஊர் ஆஸ்பத்திரி ஒற்றை ஓட்டு அறைதான். ஒரே ஒரு நர்சு. பிறகு கட்டில்கள் வந்தன, டாக்டர் வந்தார், ஆபரேஷன் தியேட்டரும் வந்தது. கூடவே தெருவுக்குத் தெரு விசைத்தறியும் வந்து தொலைந்தது. தறிகள் ஓடினால் தியேட்டர் விளக்கு அழுது வடியும். அதனால் ஊர்கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டியின் மேல் சிவப்பு பல்பு எரியும். எரிந்தால் எல்லாத் தறிகளும் நிற்க வேண்டும். முதலாளிகள் முணுமுணுப்பார்கள், ஆனாலும் நிறுத்திவிடுவார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே, முதலாளி பாலகோபாலின் கொட்டகையில் தறி ஓட்டும் பொன்னாத்தாள், பல்பைப் பார்த்ததும் கைகூப்புவாள். "யாரு பெத்த புள்ளையோ, நல்லாருக்கோணும் சாமீ!"

தொண்ணூற்று நாலில் தியேட்டருக்கென்றே ஜெனரேட்டர் வந்தது. பல்பைக் கழற்றிவிட்டார்கள். பாலகோபாலுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த மாதமே பொன்னாத்தாளின் மகள் செவ்வந்தியைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். மருமகன் கதவருகே நின்றான். எதிரே தறிகள் தடதடவென்று ஓடின. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கைகூப்பியவளுக்கு, தன் பிள்ளைக்காக ஒரு தறியும் நிற்கவில்லையே என்றிருந்தது.

"அம்மணி, அந்தச் செவப்பு பல்பை ஒருக்காப் போடுங்க."

"அதைக் கழட்டிப் போட்டோமுங்க அக்கா. அதான் ஜெனரேட்டர் இருக்குதுங்களே" என்றாள் நர்சு மெர்சி.

பொன்னாத்தாள் விறுவிறுவென்று தெருவைக் கடந்து கொட்டகைக்குள் போனாள்.

"மொதலாளி, தறியை நிறுத்துங்க."

"ஏன், ஜெனரேட்டர் படுத்துப்போச்சா?"

"இல்லீங்க. நல்லாத்தான் ஓடுது."

"அப்புறம் எதுக்கு நிறுத்தோணும்?"

"எம்புள்ள உள்ள இருக்குதுங்க" என்றாள்.

பாலகோபால் அவள் முகத்தைப் பார்த்தார். "பத்து நிமிசந்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே மெயின் சுவிட்சை இறக்கினார். சத்தம் நின்றதும் பக்கத்துக் கொட்டகைக்காரர் எட்டிப் பார்த்தார். அங்கும் தறி நின்றது. ஒன்றைப் பார்த்து ஒன்றாகத் தெரு முழுக்க அடங்கியது. கேட்டதெல்லாம் ஜெனரேட்டரின் உறுமல்தான்.

பத்து நிமிடம் எப்போதோ கடந்தது. பாலகோபால் சுவிட்சு பக்கம் போகவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மெர்சி ஓடிவந்தாள். நிற்கும் தறிகளைப் பார்த்ததும் திகைத்துவிட்டாள்.

"ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்களா?"

"கரண்டு கெடக்குது!" என்று சீறினார் பாலகோபால். "தாயும் புள்ளையும் எப்படி இருக்குதுங்க? அதை மொதல்ல சொல்லம்மணி!"

"நல்லா இருக்காங்க. பொம்பளப் புள்ள பொறந்திருக்குதுங்க."

பொன்னாத்தாள் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவர் சுவிட்சைப் போட மறந்து நின்றார்.