பந்தயத்துக்கு வற்றிய வயிறு

செவலைக் குதிரைக்குட்டி இரண்டு நாளாகப் புல்லைத் தொடவில்லை. துல்மா கவலையோடு அதன் வாயருகே புல்லை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் யோந்தோனுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

"வயிறு எப்படி ஒட்டிக்கிடக்கு பாத்தியாடி! திருவிழாவுல ரெண்டு வயசுக் குட்டிப் பந்தயம் இந்தத் தடவ நமக்குத்தான்."

பந்தயக் குதிரையைக் கட்டிப்போட்டு, தீனியைக் குறைத்து, கம்பளி போர்த்தி வியர்க்க ஓட்டி வயிற்றை வற்றவைக்கும் பக்குவம் அந்தப் புல்வெளி ஆம்பளைகளின் வித்தை. அதில் அவர்களுக்குள்ள கர்வத்துக்கு அளவே கிடையாது. காய்ச்சலில் வற்றினாலும் தன் கைராசி என்றுதான் நினைப்பார்கள்.

துல்மா குட்டியின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஈறு மஞ்சள் பூத்திருந்தது. தொடையிடுக்கில் உண்ணிகள் கொழுத்துத் தொங்கின.

"உண்ணிக் காய்ச்சல்யா இது. மூத்திரம் கூடச் செவப்பாப் போகுது. டாக்டரம்மாவக் கூப்பிடு."

"வெளியாள் கைவச்சா என் பக்குவம் பூரா அந்த ஷரவ் காதுக்குப் போயிரும். பந்தயம் முடியட்டும்."

மேட்டுக்கு அந்தப்பக்கம் கூடாரம் போட்டிருந்த ஷரவ்தான் போன வருஷம் ஜெயித்தவன்.

பனிப்புயலில் தாய்க்குதிரை செத்தபோது இந்தக் குட்டியை அடுப்போரம் கிடத்தி, ஆட்டுப்பால் புகட்டி வளர்த்தவள் துல்மா. ஒரு ஆணின் வீம்புக்கு அதைப் பலி கொடுக்க அவளுக்கு மனசில்லை. இவனோடு மல்லுக்கட்டுவது வீண் என்பதும் தெரியும். அன்று சாயங்காலமே கால்நடை டாக்டர் நொமினைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் புளித்த குதிரைப்பாலை ஊற்றிக்கொண்டே, "ஷரவ் குதிரைக்கு நொமின் ஏதோ ரகசிய ஊசி போட்டாளாமே" என்றாள்.

யோந்தோனின் கிண்ணம் வாய்க்குப் போகாமல் நின்றது. "என்ன ஊசி?"

"எனக்கென்னய்யா தெரியும்? ரத்தத்தையே சுத்தம் பண்ணிருமாம்."

பால் அப்படியே இருக்க, யோந்தோனின் மோட்டார் சைக்கிள் நொமின் வீட்டுப் பக்கம் பறந்தது.

நொமின் லேசில் மசியவில்லை. "அது ரொம்ப ரகசியம்ண்ணே" என்று இழுத்தாள். அவன் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தான். குட்டியைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. உடனே ஊசியைப் போட்டாள்.

"இது பலிக்கணும்னா குட்டிய அவுத்து விட்டுரணும். வியர்க்க ஓட்டக் கூடாது. இஷ்டத்துக்கு மேயட்டும். நான் திரும்ப வந்து பாத்துச் சொன்னாத்தான் பந்தயம். அதுலயும் சாட்டைய எடுக்கக் கூடாது."

"ஷரவும் இப்படித்தான் செய்றானா?"

"அடுத்தவங்க ரகசியத்த நான் சொல்லலாமாண்ணே?"

குட்டி பிழைத்தது. பிழைத்தது மட்டுமா, மேய்ந்து மேய்ந்து திருவிழாவுக்குள் பீப்பாய் ஆகிவிட்டது. ஷரவின் குட்டியும் இப்படித்தான் இருக்கும் என்று யோந்தோன் தன்னைத் தேற்றிக்கொண்டான். நொமின் வந்து பார்த்து, மெல்ல ஓடலாம் என்றாள்.

சின்னப் பிள்ளைகள் சவாரி செய்யும் அந்தப் பந்தயத்தில் ஷரவின் குட்டி நரம்பும் எலும்புமாய்ப் பறந்து வந்து முதலில் நின்றது. எல்லாக் குதிரையும் வந்து, புழுதியும் அடங்கிய பிறகு, யோந்தோனின் மகளைச் சுமந்துகொண்டு செவலை ஆடி அசைந்து வந்தது. வழியில் ஒரு வாய் புல்லையும் கடித்துக்கொண்டது.

கடைசியாக வரும் இரண்டு வயசுக் குட்டிக்கும் அங்கே தனி மரியாதை உண்டு; அடுத்த வருஷம் ஜெயிக்கட்டும் என்று வாழ்த்துவார்கள். கழுத்தில் நீலப் பட்டுத்துணி கட்டி, "செல்வம் நிறைஞ்ச வயிறே!" என்று பாட்டுக்காரர் ராகம் இழுக்க, யோந்தோன் தலைகுனிந்து நின்றான்.

ஷரவ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, செவலையின் வயிற்றைக் காட்டிச் சிரித்தான். "அண்ணே, பக்குவம்னா இதுதான்!"

"எல்லாம் உன் ஊசியாலதான்டா!"

"எந்த ஊசி? ஊசியப் பாத்தா நானே மயங்கி விழுவேன்."

யோந்தோன் மெல்லத் திரும்பினான். துல்மா குட்டியின் உதட்டைத் தூக்கி, ரோஜா நிற ஈற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. திட்ட வந்தவன் குனிந்து அந்த ஈற்றைப் பார்த்தான்.

"செத்திருக்குமாடி?"

"செத்தே போயிருக்கும்."

அவன் குட்டியின் வயிற்றைத் தட்டிக்கொடுத்தான். பிறகு ஷரவ் இருந்த பக்கம் பார்த்துவிட்டு, அவள் காதோரம் குனிந்தான்.

"அடுத்த வருஷம் அந்த ஊசி விஷயத்த அவன் பெண்டாட்டி காதுல போட்டு வையி. குதிரைய அவுத்து விடணும்கறதையும் மறக்காமச் சொல்லு."