இணைப்புத் தடங்கல்

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த அண்ணனின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள் தங்கை. கழுத்துப் பொத்தான் மட்டும் துளைக்குள் போகமாட்டேன் என்றது.

"விட்டுடு. உயிரோட இருந்தப்பவே அவரு அதைப் போட்டதில்ல," என்றாள் அண்ணி.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஈரலில் கட்டி. தொலைதூர நகரத்தில் இருக்கும் நிபுணர் அங்கிருந்தபடியே இங்குள்ள இயந்திரக் கைகளை இயக்கி அதை எடுப்பதாக ஏற்பாடு. தங்கைக்கு இதே மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில்தான் வேலை.

"அந்த ஆளு அங்க தும்மினா, இங்க என் குடல் அறுந்துடாதே?" என்று போன வாரம் கேட்டான் அண்ணன்.

"நான் இருக்கேன்ல," என்று சிரித்தாள் தங்கை. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவன் சம்மதக் கையெழுத்துப் போட்டான்.

இன்று காலை, அறுவை தொடங்கி மூன்றாவது மணி நேரத்தில் இயந்திரக் கைகள் நிபுணரின் பேச்சைக் கேட்கவில்லை. வெளியிலிருந்து யாரோ இணைப்புக்குள் புகுந்திருந்தார்கள். இங்கிருந்த டாக்டர் இயந்திரத்தை நிறுத்தி, வயிற்றைத் திறந்து ரத்தப்போக்கைக் கையாலேயே அடைக்கப் போராடினார். அதற்குள் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துபோயிருந்தது.

கதவைத் தட்டிவிட்டு நிர்வாகி உள்ளே வந்தார். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நீங்க உடலைக் கொண்டுபோகலாம்மா."

அண்ணி தாளை எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தாள். "இணைப்புத் தடங்கல்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன, கரண்ட் போற மாதிரியா?"

நிர்வாகி தங்கையைப் பார்த்தார். சொல்லாதே என்னும் பார்வை அது என்று அவளுக்குத் தெரியும்.

"இல்ல அண்ணி," என்றாள். "எவனோ உள்ள பூந்துட்டான். மெஷின் கம்பெனிக்காரங்க வெளியிலிருந்து பழுது பாக்கறதுக்கு ஒரு வழி வெச்சிருந்தாங்க. அதைப் பூட்டவே இல்ல."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். பூட்டணும்னா மெஷினை நிறுத்தணும், ஆபரேஷன் எல்லாம் தள்ளிப்போகும், அடுத்த மாசம் பாக்கலாம்னாங்க. அண்ணனுக்குக் கட்டி வளந்துட்டே இருந்துச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். அவன்கிட்ட சொல்லல."

அண்ணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த நேரத்துல இதெல்லாம் எதுக்கும்மா..." என்று தொடங்கினார் நிர்வாகி.

"அவ சொன்னது இதுல வரணும்," என்றாள் அண்ணி. "வந்தாத்தான் என் கையெழுத்து."

"நான் எப்படிங்க அதை எழுத முடியும்?"

தங்கை அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். தாளின் அடியில் நடந்ததை எழுதினாள். தான் எழுதிக் கொடுத்த இரண்டு தேதிகளையும், தன் பணியாளர் எண்ணையும் எழுதிக் கையொப்பமிட்டாள். நாளை முதல் இந்த வாசலில் தன்னை விடமாட்டார்கள் என்று எழுதும்போதே தெரிந்தது. அண்ணி அதன் கீழே தன் பெயரை எழுதினாள். தாளை மடிக்கவும் தோன்றாமல் நிர்வாகி அப்படியே நின்றார்.

வண்டி வந்தது. அண்ணனை ஏற்றினார்கள். அவன் பக்கத்திலிருந்த நீளப் பலகையில் அண்ணி ஏறி உட்கார்ந்தாள். அவள் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அறையை விட்டு வந்ததிலிருந்தே பார்க்கவில்லை. முன்னால் டிரைவருக்குப் பக்கத்திலும் ஓர் இடம் காலியாக இருந்தது. தங்கை எங்கே ஏறுவதென்று தெரியாமல் வெயிலில் நின்றாள்.

"கதவைச் சாத்தலாமா?" என்றான் டிரைவர்.

அண்ணி கால்களை ஒடுக்கிக்கொண்டு, பலகையில் சற்று உள்ளே தள்ளி உட்கார்ந்தாள்.