ஒரே கையில் எழுதிய இரண்டு மனுக்கள்

விடியுமுன் மில்லின் ரீலிங் கூடத்தில் நின்றுவிடுவோம். நூலைச் சிட்டமாகச் சுற்றுவது எங்கள் வேலை. பஞ்சுத்தூசி மூக்கை அடைக்கும். ஓடும் இழை விரலிடுக்கை அறுக்கும். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி கை வைப்போம்.

என் கணவர் ஷேக் தாவூது கல்கத்தாவில் தோல் மண்டியில் வேலை பார்த்தவர். நாற்பத்தாறாம் வருடக் கலவரத்தில் அவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். மய்யித்தின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் மதுரையில் இந்த மில்லுக்கு வந்தேன்.

நாடு இரண்டானதும் பாகிஸ்தான் பக்கத்துப் பஞ்சு வருவது நின்றுபோனது. நாற்பத்தெட்டு மாசியில், பன்னிரண்டு பேரை நீக்குவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். பன்னிரண்டு பேரும் முஸ்லிம் பெண்கள். நான்காவது பெயர் என்னுடையது.

கதர்ச்சட்டை தனிஸ்லாஸ் அண்ணனுக்கும் செங்கொடிச் சங்கத்து ஜெயக்கொடிக்கும் அன்றே வாக்குவாதம். எல்லோரும் வாரம் ஒரு நாள் வேலையை விட்டுக்கொடுத்தால் யாரும் வெளியே போகவேண்டாம் என்றார் தனிஸ்லாஸ். ஒருத்தியை நீக்கினாலும் வேலைநிறுத்தம் என்றாள் ஜெயக்கொடி.

"இம்புட்டு ரத்தம் சிந்தி இப்பத்தான் நாடு எந்திரிக்குது தாயி. இந்நேரம் வேலையை நிறுத்தினா மறுபடி விழுந்துரும்."

"இவுக தலையில கால வச்சுத்தான் எந்திரிக்கணுமாண்ணே? மொதலாளி லாபத்துல கொறைக்கட்டும்."

கூடத்தில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இருவரும் என்னிடமே வந்தார்கள். அவரவர் சொன்னதைத் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் நாற்பது கைரேகை விழுந்தது.

மானேஜர் எங்கள் மூவரையும் அழைத்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கையெழுத்து. ஒரு பாய் வீட்டுப் பொம்பளை ரெண்டு கட்சியவும் ஆட்டி வைக்கிறா. இவ இன்னைக்கே போகணும்." என் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்குத்தான் தனி நாடு குடுத்தாச்சே. போம்மா."

ஒன்றரை வருடமாக யாரிடமும் பேசாததை அன்று பேசினேன்.

"எம்புருசனைப் பொதைச்ச எடமே எனக்குத் தெரியாதுங்க. நான் எந்த நாட்டுக்குப் போக?"

தனிஸ்லாஸ் தன் மனுவை எடுத்து ஜெயக்கொடியின் மனுமேல் வைத்தார்.

"இதுல நாப்பது பேரு, அதுல நாப்பது பேரு. எம்பது பேரையும் அனுப்புங்கய்யா."

மறுநாள் யாரும் உள்ளே போகவில்லை. போலீஸ் லாரி வந்து நின்றது. முதலாளி வரவில்லை, மில் வாசற்கதவும் திறக்கவில்லை. வெயில் ஏற ஏற, நாட்டை எப்படிக் கட்டுவதென்று தனிஸ்லாஸும் ஜெயக்கொடியும் என் இருபுறமும் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டேயிருந்தார்கள். இருவரில் ஒருவரும் எழுந்து போகவில்லை.