பார்க்க வந்தவர்களின் வீடு

விற்பனைக்கு என்று போர்டு மாட்டிய இரண்டாவது மாதம், பொன்னழகுவின் வீட்டுக் கூடத்தில் ஒரு மாடிப்படி வந்து நின்றது. வீட்டுக்கு மாடி கிடையாது. படி மேலே ஏறிப் போய்க் கூரையின் கான்கிரீட்டில் முட்டி நின்றுகொண்டது. அந்த வாரம் திண்டுக்கல்லில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். சின்ன வெங்காயம் அதைவிடக் கொஞ்சம் கூட. முந்தின நாள் வீடு பார்க்க வந்த வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் கூடத்தின் மூலையில் நின்று, இந்த இடத்தில் ஒரு படியை ஏற்றி மேலே எடுத்துக் கட்டினால் வாடகைக்கு விடலாம் என்று மனைவியிடம் கையை வீசிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கையை எங்கே வீசினாரோ அங்கேதான் படி நின்றது. பச்சைப் பெயின்ட் அடித்த கைப்பிடிகூட இருந்தது. பொன்னழகு அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, துடைக்க இன்னொரு சாமான் கூடிப்போயிற்றே என்று அலுத்துக்கொண்டு துணியை எடுத்தார்.

பொன்னழகு அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் நடுவே முப்பது வருஷம் நின்றுகொண்டே போய் வந்தவர். பழனி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு அறையும் ஒரு கூடமுமாக அவர் கட்டிய வீட்டில் அவரும் மனைவி பேச்சாயியும் குறைவில்லாமல்தான் இருந்தார்கள். பிறகு பேச்சாயிக்கு மறதி நோய் வந்தது. முதலில் குழம்புக்கு உப்புப் போட மறந்தார், அப்புறம் போட்டதை மறந்தார், அப்புறம் குழம்பையே மறந்தார். ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நடந்து போய் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒட்டன்சத்திரத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். இனிமேல் அப்பா ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாது என்று மகன் விக்னேஷ்குமார் கோயம்புத்தூருக்கு அம்மாவை அழைத்துப் போனான். அங்கே அவனுக்கு இருந்தது ஓர் அறையும் ஒரு நடையும். அறையில் பேச்சாயியும் பேத்திகளும் படுத்தார்கள், நடையில் விக்னேஷும் மருமகள் தீபாவும். பொன்னழகு படுக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் நின்றுகொண்டு தூங்க வேண்டும். திண்டுக்கல் வீட்டை விற்றால், அந்தப் பணத்தோடு மகன் கொஞ்சம் போட்டு, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனியாக ஓர் அறை உள்ள வீடாக வாங்கலாம். வாடகைக்கு விட்டால் அந்த வாடகையில் கோயம்புத்தூரில் மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது. ஆகவே பொன்னழகு பேச்சாயியை பஸ் ஏற்றும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வித்துட்டு வாரேன்" என்றார். சித்திரைக்குள் முடிந்துவிடும் என்று மனதார நம்பினார்.

அவர் செய்த ஒரே தவறு, புரோக்கர் விஷயத்தில் சிக்கனம் பார்த்தது. ஊரில் எல்லாப் புரோக்கர்களும் இரண்டு பெர்சன்ட் வாங்கினார்கள். பேகம்பூர் நூர் அகமது மட்டும் அரை பெர்சன்ட். போனில் படம் போடுவேன், கதவைத் திறந்து காட்டுவேன், மற்றபடி இனிக்க இனிக்கப் பேச எனக்கு வராது, அதற்கு ஏன் காசு என்பது அவர் கட்சி. நல்ல மனிதர்தான். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள டீக்கடையில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருக்கும் இரண்டு பெர்சன்ட்காரர்கள் அவரை எப்படிப் பொறுப்பார்கள்? இன்றைக்கு ஒருவன் அரைக்கு முடித்தால் நாளைக்கு ஊரே அரையைத்தான் கேட்கும். அவர்கள் சண்டை போடவில்லை, மிரட்டவில்லை. அவர்களுடைய வழக்கமே வேறு. வாங்குகிற யோக்கியதை இல்லாத ஆட்களைப் பிடித்து, கையில் ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்குக் காசு கொடுத்து, நூர் அகமதுவிடம் போய் வீடு கேட்கச் சொல்வார்கள். வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போய்விட வேண்டும். நூர் அகமதுவின் பெட்ரோல் தீரும், பொழுது தீரும், ஆசாமி தானாக ஓய்ந்துவிடுவார்.

இப்படி வந்தவர்கள் எல்லோரும் லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள். மில்லுக்குப் போகிறவர்கள், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கிறவர்கள், ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்துவிட்டுக் கக்கூஸுக்கு வரிசையில் நிற்கிறவர்கள். நடிக்கத்தான் வந்தார்கள். ஆனால் சொந்த வீடு ஒன்றை வாங்கப் போகிறவர் மாதிரி அதன் நடுவில் நின்று பார்க்கும்போது, மனித மனசு எவ்வளவு நேரம் நடிக்கும்? இங்கே தொட்டில் கட்டலாம் என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்வாள். இந்தச் சுவரில் அப்பா படத்தை மாட்டலாம் என்பான் இன்னொருவன். மறுநாள் காலையில் தொட்டில் தொங்கும், முன்பின் தெரியாத ஒருவருடைய அப்பா மாலையோடு சுவரிலிருந்து பொன்னழகுவைப் பார்த்துக்கொண்டிருப்பார். மீன் தொட்டி வந்தது, மீனோடு. இரட்டைக் கட்டில் வந்தது, பீரோ வந்தது, சோபா வந்தது, வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு மாடமும் கருப்பசாமிக்கு ஒரு மாடமும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வந்தன. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போன ஒருவர் தண்ணீர் கேட்டு வாசலில் நின்று, இங்கே ஒரு சுடுதண்ணீர்க் குளியல் கிடைத்தால் போதும் சாமி என்று பெருமூச்சு விட்டதில் சுடுதண்ணீர்க் குழாய் ஒன்று வந்தது. வெறும் வாயை மென்ற தெருவுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகி, ஒரு மாதம் இதையே மென்றார்கள். பிறகு கார்ப்பரேஷன் தண்ணீர் வராத பிரச்சினை பெரிதானதும் விட்டுவிட்டார்கள். வீட்டு வரிக்கு அளக்க வந்தவர் மாடிப்படியையும் அளந்தார். மாடி இல்லாத படிக்கு என்ன வரி என்று தெரியாமல் அதைக் கணக்கில் சேர்க்காமல் போனார்.

அந்தச் சாமான்களுக்கு ஒரு குணம் இருந்தது. யாருக்கென்று ஆசைப்பட்டார்களோ அவருக்கு மட்டும்தான் உழைக்கும். பொன்னழகு இடுப்பு வலித்த ஒரு மத்தியானம் அந்த இரட்டைக் கட்டிலில் படுத்துப் பார்த்தார். கண் அசருவதற்குள் தரையில் கிடந்தார். சோபாவில் உட்கார்ந்தாலும் அதே கதை. சுடுதண்ணீர்க் குழாயைத் திருகினால் காற்றுத்தான் வந்தது. வெளியே தூக்கிப் போடவும் வழியில்லை. வாசலைத் தாண்டியதும் கை வெறுமையாகிவிடும், திரும்பி வந்து பார்த்தால் சாமான் பழைய இடத்தில் நிற்கும். தையல் மிஷினுக்கு ஆசைப்பட்ட சபிஹா என்ற பெண்ணின் வீட்டை விசாரித்துப் போய் அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் மறுநாளே வந்து உட்கார்ந்தாள். அவள் காலுக்கு மிஷின் சொன்னபடி கேட்டது. மகளுக்கு ஒரு பாவாடை தைத்து எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். தையல் அத்தனையும் பிரிந்து துணியாகிவிட்டது. சபிஹா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகும் சில மத்தியானங்களில் வந்து, எதையோ தைத்துவிட்டு, அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

இவர்கள் வாங்க வந்தவர்கள் இல்லை என்பது பொன்னழகுவுக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. டிக்கெட் எடுக்காதவன் முகம் கண்டக்டருக்குத் தெரியாதா? பஸ்ஸில் என்றால் விசில் அடித்து இறக்கிவிட்டிருப்பார். இங்கே அது முடியவில்லை. நூறு பேரில் ஒருவர் நிஜமாக இருந்தால் என்ன செய்வது? அந்த ஒருவரை இறக்கிவிட்டால் பேச்சாயியிடம் எப்படிப் போய்ச் சேர்வது? அதனால் வந்த எல்லோருக்கும் கதவைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர் போய் வந்தார். முதல் வருஷம் பேச்சாயி அவரைப் பார்த்ததும், "வித்தாச்சா?" என்று கேட்டார். இரண்டாம் வருஷம், "எதை விக்கணும்ன்னீங்க?" என்று கேட்டார். மூன்றாம் வருஷம் அவர் யார் என்பதே போய்விட்டது. ஆனால் அந்த முகம் பஸ்ஸில் பார்த்த முகம் என்று மட்டும் எங்கோ தங்கியிருந்தது. "கண்டக்டரே, பழனிக்கு ஒண்ணு குடுங்க" என்று கையை நீட்டுவார். பொன்னழகு செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்துக் கொடுப்பார். பேச்சாயி அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வார். சாயங்காலம் வாசல்வரை வந்து, "எங்க வீட்டுக்காரரு இன்னும் வரலையே" என்று அவரிடமே விசாரிப்பார். திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தாலும் பொன்னழகுவுக்கு உட்காரப் பிடிக்காது. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவார், யாரும் அழுகையைப் பார்த்துவிடக் கூடாதென்று வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு.

நிஜமான பார்ட்டி ஒன்று வரத்தான் செய்தது. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த கணவனும் மனைவியும், மகளின் காலேஜுக்காகத் திண்டுக்கல்லில் வீடு தேடினார்கள். பத்திரத்தைப் பார்த்தார்கள், வில்லங்கம் பார்த்தார்கள், விலைக்கும் தலையாட்டினார்கள். அந்த அம்மா தன் வீட்டுப் பீரோ எங்கே நிற்கும் என்று சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அறை அறையாக நடந்தார். ஒவ்வொரு மூலையிலும் யாருடையதாவது ஒன்று இருந்தது. "ஏனுங்க, இம்புட்டையும் எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார். எடுக்க வராது என்று பொன்னழகு உண்மையைச் சொன்னார். "அப்ப எங்களுக்கு இடமில்லீங்களே" என்று அந்த அம்மா வருத்தமாகத்தான் சொன்னார். அவர்கள் போன பிறகு பொன்னழகு வெட்கத்தை விட்டு டீக்கடைக்குப் போய், இரண்டு பெர்சன்ட் தருகிறேன், முடித்துக் கொடுங்கள் என்று கேட்டார். அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஊரே பார்த்துவிட்டுப் போன வீட்டை யாரிடம் கொண்டு போய்க் காட்டுவது என்றார்கள். அதைக் கெடுத்தது அவர்கள்தான் என்பது அவர்களுக்கே மறந்துபோயிருந்தது. அன்றைய டீக்கும் பொன்னழகுதான் காசு கொடுத்தார்.

நான்காம் வருஷம் மாசியில், சின்னப் பேத்திக்குப் பழனியில் முடி இறக்க வந்த விக்னேஷ், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று அம்மாவையும் வாடகைக் காரில் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்தான். சொந்த வீட்டைக் கண்டால் ஏதாவது ஞாபகம் வரும் என்று தீபா நினைத்தாள். பேச்சாயி செருப்பை வாசலில் கழற்றினார், உள்ளே வந்தார், சுற்றிலும் பார்த்தார். அந்த நேரம் சாவிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்த நூர் அகமதுவிடம் போனார்.

"நீங்கதான் புரோக்கரா தம்பி? கமிஷன் எம்புட்டு?"

"அரை பெர்சன்ட்டும்மா."

"அதுக்கு மேல ஒத்தக் காசு கேக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு தர மாட்டாரு."

விக்னேஷ், "அம்மா, இது நம்ம வீடும்மா" என்றான். பேச்சாயி அவனை, சமர்த்துப் பிள்ளை என்பது போலக் கன்னத்தில் தட்டிவிட்டு, வீடு பார்க்க ஆரம்பித்தார். தொட்டிலை ஆட்டிப் பார்த்தார். மாடிப்படியில் ஏறிக் கூரையைக் கையால் தொட்டுவிட்டு இறங்கினார். இம்புட்டுப் பேர் ஒத்துமையாகக் குடியிருக்கிறார்களே என்று தீபாவிடம் ஆச்சரியப்பட்டார். கடைசியில் கூடத்து ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். வீட்டில் காலியாக மிஞ்சியிருந்தது அந்த இடம் ஒன்றுதான். பொன்னழகு பாய் விரித்துப் படுப்பது அங்கேதான். பேச்சாயி பாயைக் காலால் மெல்ல ஒதுக்கினார்.

"இங்கன ஒரு நாற்காலி போடணும், வயரு பின்னுனது. எங்க வீட்டுக்காரருக்கு. காலம் பூரா நின்னுக்கிட்டே சம்பாரிச்ச மனுசன். செத்த நேரம் உக்காரட்டும்."

சொல்லிவிட்டு, சுவரோரம் நின்றிருந்த பொன்னழகுவிடம் திரும்பி, "நீங்க எப்பக் காலி பண்ணுவீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க வர்ற அன்னைக்கு" என்றார் பொன்னழகு. வேறு என்ன சொல்வார்? பேச்சாயி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஜன்னலுக்குக் கீழே நாற்காலி இருந்தது. நீலமும் வெள்ளையுமாக வயர் பின்னியது, கை வைக்க அகலமான சட்டம் போட்டது. பொன்னழகு அன்றைக்குப் பூராவும் அதன் பக்கம் போகவில்லை. கட்டிலும் சோபாவும் தரையில் தள்ளியதைப் போல இதுவும் தள்ளிவிட்டால் அதற்கு மேல் தாங்க முடியாது என்று பயந்தார். சாயங்காலம், ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, பாதி எடையை மட்டும் வைத்துப் பார்த்தார். அப்புறம் முழு எடையையும் வைத்தார். நாற்காலி தாங்கியது. பொன்னழகு துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

அந்த ஐப்பசியில் பேச்சாயி கோயம்புத்தூரில் செத்துப்போனார். காய்ச்சல் என்று படுத்தார், இரண்டு நாளில் முடிந்துவிட்டது. ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்த செய்தித்தாள் துண்டுகளைத் தீபா ஒரு தட்டில் வைத்திருந்தாள். பொன்னழகு காரியம் முடித்துவிட்டுத் திரும்பினார். ஒரு மாதம் போவதற்குள் வீட்டுக்கு ஆள் வந்தது. பழனி ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று இடத்தின் விலை ஏறியிருந்தது. கன்னிவாடிக்காரர் ஒருவர் சொன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறார், உள்ளே என்ன இருந்தால் அவருக்கு என்ன? விக்னேஷ் போனில், "குடுத்துருங்கப்பா. அம்மா படுத்த இடம் இருக்கு, இங்க வந்துருங்க" என்றான். பையன் ஆசையாகத்தான் சொன்னான். பொன்னழகு நாற்காலிச் சட்டத்தைத் தடவிக்கொண்டே, "நாற்காலி வெளிய வராதுடா அப்பு" என்றார். அன்றைக்கே கன்னிவாடிக்காரருக்கு, வீட்டை விற்பதில்லை என்று சொல்லியனுப்பினார்.

நூர் அகமதுவுக்கு நான்கு வருஷத்தில் கிடைக்கவிருந்த முதல் கமிஷன் அது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. போர்டைக் கழற்றி, வண்டியில் கட்டிக்கொண்டு போனார். ஆனாலும் பார்க்க வருகிறவர்கள் நிற்கவில்லை. டீக்கடைக்காரர்கள் யாரையும் அனுப்புவதில்லை. லைன் வீடுகளில் கேள்விப்பட்டு அவர்களாகவே வருகிறார்கள். வாங்குவதாகச் சொல்வதில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, தங்களுடையது இருக்கும் மூலையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே நுழையும்போது ஜன்னலோரத்து நாற்காலியை இடிக்காமல் ஒதுங்கி நடக்கிறார்கள். பொன்னழகு யாருக்காகவும் எழுந்து நிற்பதில்லை.