பதினேழாம் இலக்கக் கல்லறை

பிரான்சிஸ்கா கணவரின் விரல்களுக்குள் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் விறைத்துவிட்டன. சிலுவை ஒவ்வொரு தடவையும் நழுவி, அவருக்குப் போட்டிருந்த கோட்டின் மேல் விழுந்தது. நாலாம் தடவை அது ஒருவாறு நின்றபோது வாசலில் லோறன்ஸ் நின்றான். கையில் கல் பெயர்க்கும் அலவாங்கு. காலில் ஒரு பொட்டு மண் இல்லை.

"என்ன லோறன்ஸ், அதுக்குள்ள திறந்து முடிஞ்சுதோ?"

கணவரின் தம்பி அவன். குடும்பக் கல்லறையைத் திறப்பதற்கென்று காலையில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு சேமக்காலைக்குப் போனவன்.

"இல்லை அண்ணி." அவன் பெட்டியைப் பார்த்தான். பிறகுதான் அவளைப் பார்த்தான். "திறக்க ஏலாதாம். பாதர் மறிச்சுப்போட்டார்."

"ஏன்?"

"லிஸ்டில கிடக்காம்."

"என்ன லிஸ்ட்?"

"அண்ணன் எழுதின லிஸ்ட்தான்."

பட்டியல் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். அவள் கணவர் எமிலியானுஸ் நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்து பென்சன் எடுத்தவர். எடுத்த கையோடு ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊரிலிருந்த பழைய கட்டடங்களின் பின்னால் திரியத் தொடங்கினார். சனிக்கிழமை விடிந்தால் ஆள் வீட்டில் நில்லார். சுவரில் முளைத்த ஆலங்கன்றுகளை வேரோடு எடுப்பது, அளப்பது, படம் பிடிப்பது, கந்தோர் கந்தோராகக் கடிதம் கொடுப்பது. "ஊர்க் கல்லுக்கெல்லாம் நீங்கள்தான் தேப்பன்" என்று அவள் பகிடி பண்ணுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் சேமக்காலையில் கை வைத்தார்கள். குடும்பத்தில் ஒருவர் செத்தால், கல்லறையைத் திறந்து பழைய எலும்புகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, புதுப் பெட்டியை உள்ளே வைப்பதுதான் ஊர் வழக்கம். ஒவ்வொரு திறப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டு வந்தன, கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய அந்தப் பழங்கல்லறைகள். முப்பத்தொன்றை இனி ஒருவரும் திறக்கக்கூடாதென்று எமிலியானுஸ் எழுதி, பங்குச் சபையில் கையெழுத்தும் வாங்கினார். அது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

அந்த முப்பத்தொன்றுக்குள் தங்களுடையதும் ஒன்று என்பதுதான் தெரியாது.

அதற்குள் அவருடைய பூட்டனார் இருக்கிறார். அப்பு, ஆச்சி இருக்கிறார்கள். மகள் நிறஞ்சலாவும் இருக்கிறாள். ஏழு வயது. சண்டையில் பாதை பூட்டிக்கிடந்து மருந்து வராத காலத்தில் வந்த காய்ச்சல். அன்றைக்குக் கல்லறையை மூடிவிட்டு வந்து, "நாங்களும் அதுக்குள்ளதான் வருவம், பிள்ளை தனியக் கிடவாது" என்றவர் அவர்தான். அவள் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"நீங்கள் ஓம் எண்டா பாதர் விடுவாராம் அண்ணி. அண்ணன் செய்த வேலைக்கு இந்த ஒருக்கா விடலாமாம். நாலு மணிக்குப் பூசை. இப்ப பத்தரை."

"முஹைதீன் வெளியில நிக்கிறாரோ? வரச் சொல்லு."

முஹைதீன் முசலியிலிருந்து வரும் மேசன். அவர்களின் குழுவில் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதிரை கொடுத்தும் இருக்காமல் நின்றார்.

"எங்கடையையும் அவர் எழுதினவரோ?"

"ஓம் அக்கா. பதினேழாம் நம்பர்."

"நீங்கள் ஒருத்தரும் மறிக்கேல்லையோ?"

"மறிச்சனாங்கள். சேர், அதை மட்டும் விடுங்கோ, ஒருத்தரும் கேக்க மாட்டினம் எண்டு நானே சொன்னனான். 'என்ர கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு மற்றவனை எப்பிடிப் பூட்டச் சொல்லுறது முஹைதீன்' எண்டார்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொல்லவேணும் சொல்லவேணும் எண்டு ஒவ்வொரு சனியும் சொல்லுவார்."

"எத்தினை சனி?"

முஹைதீன் நிலத்தைப் பார்த்தார். "ரெண்டு வருசம் அக்கா."

சனிக்கிழமைப் பின்னேரங்களில் எமிலியானுஸ் கிணற்றடியில் கைகால் கழுவிவிட்டு வந்து குசினி வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். "என்ன, தேத்தண்ணியோ?" என்பாள் அவள். "ஓம்" என்பார்.

"அக்கா, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்றார் முஹைதீன். "முட்டுக் குடுத்து, மேற்குச் சுவரை மட்டும் கழட்டித் தாறன். ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போட்டுக் கழட்டினா திருப்பிக் கட்டலாம். முந்தின மாதிரி வராது. ஆனா கட்டலாம்."

அவள் பதில் சொல்ல வாயெடுக்கையில் பெண்கள் பக்கம் செபம் நின்றது. சந்தனம் உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

போன வருடம் சந்தனத்தின் புருசன் பத்திநாதன் செத்தபோது, அவர்களின் கல்லறையைத் திறக்க விடாமல் முன்னால் நின்றவர் எமிலியானுஸ். பத்திநாதனைக் கொண்டுபோய்ப் புதுப் பக்கத்தில், வேலிக்கரையில் வைத்தார்கள். அன்றைக்குக் கோயில் வளவில் வைத்து, சனம் எல்லாம் பார்க்க, சந்தனம் கையை நீட்டிக் கத்தினாள்: "உன்ர வீட்டிலயும் ஒரு பெட்டி வெளிக்கிடும் எமிலி! அப்ப பாப்பம் உன்ர லிஸ்டை!"

சந்தனம் பெட்டியருகே வந்து எமிலியானுஸின் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு பிரான்சிஸ்காவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தாள்.

"படலையடியில சொன்னவங்கள். கேள்விப்பட்டன்."

"நீங்கள் சொல்லுங்கோ சந்தனக்கா. திறக்கிறதோ?"

"என்னட்டக் கேக்காதை பிள்ளை. திற எண்டா, என்ர மனுசனை வேலிக்கரையில போட்டது சும்மா எண்டு ஆகும். திறக்காதை எண்டா, கிழவிக்குப் பொச்செரிப்பு எண்டு சனம் சொல்லும். சனத்தை விடு, எனக்கே அது பொச்செரிப்போ இல்லையோ எண்டு தெரியாது."

லோறன்ஸ் அலவாங்கை மற்றக் கைக்கு மாற்றினான்.

சந்தனம் பெட்டியைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினாள். "எட எமிலி, அண்டைக்கு நான் அவ்வளவு ஏசேக்க, என்ர பிள்ளையும் அப்பிடியொண்டுக்குள்ளதான் கிடக்கு எண்டு ஒரு வாய் சொல்லியிருக்கலாமே. நான் வாயைப் பொத்தியிருப்பனே."

"எனக்கே சொல்லேல்ல அக்கா."

"உனக்குமோ?" சந்தனம் திரும்பிப் பார்த்தாள். "கல்லோட திரிஞ்சு திரிஞ்சு மனுசன் கல்லாவே போயிட்டான்."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு நிறுத்தினாள். பிரான்சிஸ்காவின் வாயும் ஒரு பக்கம் கோணியது. சேலைத் தலைப்பை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். கனநேரம் வைத்திருந்தாள். திரும்பச் செபம் தொடங்கியவர்கள் செபமாலையில் பத்து மணிகளை உருட்டி முடித்தார்கள்.

"லோறன்ஸ்."

"சொல்லுங்கோ அண்ணி."

"பத்திநாதண்ணைக்குப் பக்கத்தில இடம் கிடக்கோ?"

"அண்ணி, வடிவா யோசிச்சு... பிள்ளை அங்க..."

"இடம் கிடக்கோ எண்டு கேட்டனான்."

சந்தனம்தான் பதில் சொன்னாள். "இந்தப் பக்கம் எனக்கு. மற்றப் பக்கம் சும்மாதான் கிடக்கு, வெட்டுங்கோ. ரெண்டு பேரும் சண்டை பிடிச்சுக்கொண்டு கிடக்கட்டும்."

லோறன்ஸ் போனான். முஹைதீனும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

வேலிக்கரை மண் வெறும் மணல். வெட்ட வெட்டச் சரிந்ததில், பலகை வைத்துப் பிடித்துத்தான் பெட்டியை இறக்கினார்கள். பாதர் தீர்த்தம் தெளித்தார். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். கிடங்கு நிரம்பியதும் சனம் கலையத் தொடங்கியது. சந்தனம் பத்திநாதனின் சிலுவையைப் பிடித்து ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

லோறன்ஸ் மண்மேட்டின் தலைமாட்டில் நாலு கல்லைக் கூட்டி, அவற்றின் நடுவில் ஒரு மெழுகுதிரி ஏற்றினான். பிரான்சிஸ்கா இன்னொரு திரியை அதில் பற்றவைத்தாள். கையால் மறைத்துக்கொண்டு பழைய கல்லறைகளின் பக்கம், பதினேழாம் இலக்கத்தை நோக்கி நடந்தாள். இடையில் ஐம்பது அறுபது அடி வெளி. எதிரே சோளகக் காற்று. பத்தாவது அடியில் திரி அணைந்தது.

திரும்பி வந்தாள். குனிந்து பற்றவைத்தாள்.

"அக்கா, நெருப்புப்பெட்டி கிடக்கு. அங்க போய்க் கொளுத்தலாமே" என்றார் முஹைதீன்.

"வேண்டாம். இதிலயிருந்துதான்."

இந்தத் தடவை பாதி தூரம் போனாள். அணைந்தது. திரும்பி வந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டதால், மண்ணில் கையை ஊன்றித்தான் குனிய முடிந்தது. திரி பற்றிக்கொண்டது. எழுந்து, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். நெஞ்சோடு திரியை அணைத்து, தலைப்பை அதன் மேல் கூடாரமாகப் பிடித்துக்கொண்டாள். புதுமண்ணைப் பார்த்தபடியே, ஒரு காலைப் பின்னால் வைத்துத் தடவிப் பார்த்து, மற்றக் காலையும் வைத்து, பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.